விழப்போகிற பால் பல்லுக்கு எவர்சில்வர் கேப் எதற்கு?

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடைவாயில் சொத்தை. பல் டாக்டர் பார்த்துவிட்டு, “கேப் போட்டுவிடலாம்” என்கிறார். வீட்டில் உடனே மூன்று கேள்விகள் எழும். விழப்போகிற பல்லுக்கு எதற்குக் கேப்? சொத்தையைச் சுத்தமாகச் சுரண்டாமல் மூடினால் உள்ளுக்குள்ளேயே பரவாதா? சிரித்தால் வெள்ளிப் பல் தெரியாதா? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பெரியவர்களின் பல்லை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. பால் பல்லின் கணக்கு வேறு.

எந்தப் பல் எப்போது விழும்?

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6 வயதுக்குமேல் ஆடத் தொடங்குகின்றன. அதைப் பார்த்துத்தான் ‘பால் பல் எல்லாம் ஆறேழு வயதில் போய்விடும்’ என்று நினைத்துக்கொள்கிறோம். மென்று தின்பதற்கான பால் கடைவாய்ப்பற்கள் 8 இருக்கின்றன: மேலும் கீழும், இடமும் வலமும், பக்கத்துக்கு இரண்டாக. இவற்றில் முதலாவது விழ 9 முதல் 11 வயதாகும். இரண்டாவதற்கு 10 முதல் 12. ஆக, 5 வயதில் சொத்தையான இரண்டாவது கடைவாய்ப்பல் இன்னும் ஐந்தாறு வருடம் வேலை செய்தாக வேண்டும்.

மெல்லுவது மட்டும் அதன் வேலை இல்லை. 6 வயதில் அதற்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் வருவதால் பல பெற்றோர் இதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். பேருந்தில் கைக்குட்டை போட்டுவைத்த சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்குட்டையை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பால் கடைவாய்ப்பல்லை முன்கூட்டியே பிடுங்கினால், பின்னால் இருக்கும் ஆறு வயதுப் பல் முன்னோக்கிச் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு வழி கிடைக்காமல் அது கோணலாக முளைக்கும், அல்லது எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பிடுங்க நேர்ந்தால் இடத்தைக் காக்கப் பக்கத்துப் பல்லில் ஒரு கம்பி வளையம் மாட்ட வேண்டிவருகிறது.

சொத்தையில் பூச்சி இல்லை, உறை மோர் இருக்கிறது

‘பல்லில் பூச்சி’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நெளியும் புழு எதுவும் பல்லில் இல்லை. நடப்பது நம் அடுக்களையில் தினமும் நடப்பதுதான். பாலில் ஒரு கரண்டி உறை மோர் விட்டால், அதிலுள்ள பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது; பால் புளித்துத் தயிராகிறது. பல்லின்மேல் படியும் வழவழப்பான படலத்திலும் அதேபோல் பாக்டீரியா இருக்கிறது. நாம் தின்னும் சர்க்கரையை அதுவும் லாக்டிக் அமிலமாக்குகிறது.

பல்லின் வெளி ஓடு எனாமல். உடலிலேயே கடினமான பொருள். ஆனாலும் புளிப்பு ஓர் அளவைத் தாண்டினால், அதாவது பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால், அதிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். தின்று முடித்துச் சிறிது நேரத்தில் எச்சில் அந்தப் புளிப்பை ஆற்றிவிடும். கரைந்ததில் ஒரு பங்கு திரும்பப் படியவும் செய்யும். பிள்ளை அரைமணிக்கு ஒருமுறை பிஸ்கெட் கொறித்தாலோ, பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கினாலோ ஆற்றுவதற்கு அவகாசமே இருக்காது. கரைவது மேலோங்கி ஒருநாள் ஓடு உடைந்து குழி விழும்.

எனாமலுக்கு உள்ளே டென்டைன் என்ற மிருதுவான அடுக்கு. அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட பல்கூழ். பால் பல்லில் எனாமலின் தடிமன் நிரந்தரப் பல்லில் பாதிதான். பல்கூழும் பல்லின் அளவுக்குப் பெரியது; மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் நகரும் சொத்தை பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் நரம்பை எட்டுவது இதனால்தான்.

இங்கே ஒன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். உறை மோர் எவ்வளவு வீரியமாக இருந்தாலும் பால் ஊற்றாவிட்டால் தயிர் இல்லை. சொத்தைக்கும் பாக்டீரியா மட்டும் போதாது. அதற்குத் தீனி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடைத்தால் ஏன் நிற்பதில்லை?

மேல்பரப்பில் சின்னக் குழி என்றால் அடைத்துவிடலாம், கேப் தேவையில்லை. சிக்கல் பல்லிடுக்கில் வரும் சொத்தையில். இரண்டு பால் கடைவாய்ப்பற்களும் ஒன்றோடொன்று அகலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரஷ் அங்கே நுழையாது. மேலே ஒரு நிழல்போலத் தெரிவதற்குள் இடுக்கின் சுவர் கரைந்திருக்கும். அந்தச் சுவரையும் சேர்த்து அடைப்புப் பொருளால் கட்ட வேண்டும் என்றால், பல் சில நிமிடங்களாவது எச்சில் படாமல் காய்ந்திருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையின் வாயில் அது எளிதல்ல. நாக்கு துழாவும், பிள்ளை அழும், தலையைத் திருப்பும். அப்படியே கட்டி முடித்தாலும், மீந்த எனாமல் மெல்லியது என்பதால் விளிம்பில் விரிசல் விடும். விரிசல் வழியாகச் சர்க்கரை இறங்கும். ஆறு மாதம் கழித்து அதே நாற்காலியில் அதே பல்.

கேப் என்பது என்ன?

பெரியவர்களுக்குக் கேப் போடுவதென்றால் அளவெடுத்து லேபுக்கு அனுப்பிச் செய்துவர வேண்டும். பிள்ளைகளின் பால் கடைவாய்ப்பல்லுக்கு அப்படியில்லை. தொழிற்சாலையிலேயே பல் வடிவத்தில் அச்செடுத்த கேப்கள், செருப்புக்கடையில் இருப்பதுபோல், 2 முதல் 7 வரை எண் போட்டுப் பெட்டியில் வரும். 8 கடைவாய்ப்பற்களுக்கும் ஆறு அளவுகள் வீதம் 48 வகை.

‘வெள்ளி கேப்’ என்று சொன்னாலும் இதில் வெள்ளி கிடையாது. குரோமியமும் நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத எஃகு, அதாவது நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் இனம். பால் பற்களுக்கு இதைப் பயன்படுத்தும் வழியை ஹம்ஃப்ரி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1950இல் எடுத்துச் சொன்னார். எழுபது வருடங்களுக்கு மேலாகியும் இதன் அடிப்படை அதிகம் மாறவில்லை.

கேப் பல்லில் நிற்பதற்கு இரண்டு காரணங்கள். பால் கடைவாய்ப்பல் ஈறுக்குச் சற்று மேலே உப்பலாகவும், ஈறோரம் ஒடுங்கியும் இருக்கும். மெல்லிய எஃகு விளிம்பு அந்த உப்பலைத் தாண்டும்போது சற்று விரிந்து, தாண்டியதும் உள்ளே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். டிபன் பாக்ஸ் மூடி ‘டக்’கென்று உட்காருவதுபோலத்தான். இரண்டாவது, உள்ளே நிரப்பும் சிமென்ட். தம் பிரியாணிக்குப் பாத்திரத்துக்கும் மூடிக்கும் நடுவில் மைதா மாவு பூசுவார்களே, அந்த வேலையை இங்கே கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட் செய்கிறது. எச்சிலின் ஈரத்தை ஓரளவு தாங்கும். பல்லோடு வேதியியலாகவே ஒட்டும். கொஞ்சம் ஃபுளோரைடும் கசியவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பால் கடைவாய்ப்பல் 10, 12 வயதுவரை தேவை. சொத்தைக்குப் பாக்டீரியாவும் தீனியும் வேண்டும். இடுக்குச் சொத்தையில் அடைப்பு நிலைப்பது கஷ்டம். கேப் பல்லை முழுவதுமாக மூடுவதால் கசிய விளிம்பு குறைவு.

சுரண்டாமல் மூடினால் பரவாதா?

கேப் போட இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய வழியில் மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையை நீக்கி, பல்லின் மேற்புறத்தை 1 முதல் 1.5 மில்லிமீட்டர் குறைத்து, பக்கங்களையும் ஒடுக்கி, அதன்மேல் கேப்பைப் பொருத்துவார்கள்.

இரண்டாவது வழிக்கு ஹால் முறை என்று பெயர். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் 1980களிலிருந்து செய்துவந்தது இது. ஊசி இல்லை, டிரில் இல்லை, சொத்தையைத் தொடுவதும் இல்லை. சிமென்ட் நிரப்பிய கேப்பை அப்படியே பல்மேல் அழுத்திவிடுவார். பாடப்புத்தகப்படி இது தப்பு. சொத்தையை ஒரு துளி விடாமல் எடுப்பதுதான் சிகிச்சை என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்திருந்தார்கள். அவர் 259 பிள்ளைகளுக்குப் போட்ட 978 கேப்களின் பதிவேடுகளை டண்டீ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டபோதுதான், இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்து நேரடியான சோதனை. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் 132 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் ஒரு சொத்தைப்பல்லுக்கு ஹால் முறை, இன்னொரு சொத்தைப்பல்லுக்கு அந்த டாக்டர் வழக்கமாகச் செய்யும் அடைப்பு. வாய் ஒன்று, தீனி ஒன்று, பிரஷ் ஒன்று. ஆகவே ஒப்பீடு நேர்மையானது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், சீழ், தீராத வலி போன்ற பெரிய தோல்விகள் கேப் போட்ட பற்களில் 3 சதவீதம், அடைத்த பற்களில் 16.5 சதவீதம். அடைப்பு உதிர்வது, மீண்டும் சொத்தை வருவது போன்ற சிறிய தோல்விகள் கேப்பில் 5 சதவீதம், அடைப்பில் 42 சதவீதம்.

காரணம், முன்னே குறித்துவைத்த உறை மோர்தான். கேப்புக்குள் பாக்டீரியா இருக்கிறது, பால் நின்றுவிட்டது. வாயிலிருந்து சர்க்கரை உள்ளே போக வழியில்லாதபோது அமிலம் உண்டாவது அடங்கிவிடுகிறது. உயிருள்ள பல்கூழும் சும்மா இருப்பதில்லை. தன் பக்கத்திலிருந்து புதிய டென்டைனைப் படியவைத்துச் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. சொத்தை பரவுவது மூடுவதால் அல்ல, மூடியில் ஓட்டை இருப்பதால். பொருந்தாத கேப்பின் கீழ் சொத்தை முன்னேறும் என்பதும் இதே தர்க்கத்தின் மறுபக்கம்.

எந்தப் பல்லுக்கு இது கூடாது?

மூடுவது பலிக்க வேண்டுமானால் உள்ளே பல்கூழ் உயிரோடும், மீளக்கூடிய நிலையிலும் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைச் சோதிக்காமல் கேப் போடுவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்கு மூலம்.

வலியைக் கவனியுங்கள். இனிப்போ சோறோ குழியில் அடைத்துக்கொண்டபோது வலித்து, வாய் கொப்பளித்ததும் அடங்கிவிட்டால் பல்கூழுக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. தானாக வலிப்பது, தூங்கும் பிள்ளையை எழுப்பும் வலி, ஈறில் கொப்புளம், கன்ன வீக்கம், வயதுக்கு முன்பே பல் ஆட்டம்: இவற்றில் எது இருந்தாலும் ஹால் முறை வேண்டாம். கொப்புளத்தின்மேல் மூடி போடுவது கொதிக்கும் குக்கரின் விசிலை அடைப்பதற்குச் சமம்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவுசெய்யவும் முடியாது. சின்ன எக்ஸ்ரே ஒன்று வேண்டும். சொத்தையின் கறுப்புக்கும் பல்கூழுக்கும் நடுவில் டென்டைன் வெள்ளைப் பட்டையாகத் தெளிவாகத் தெரிகிறதா என்பதே அதில் பார்க்க வேண்டியது. பட்டை தெரிந்தால் மூடலாம். தெரியாவிட்டால் பல்கூழுக்கான சிகிச்சை முதலில். எக்ஸ்ரே எடுக்காமலே ஒரே மூச்சில் ஆறு கேப் என்று பேச்சு வந்தால், ‘எந்தப் பல்லுக்கு ஏன்?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பதில் தவறே இல்லை.

இதயத்தில் பிறவிக் கோளாறு உள்ள பிள்ளைகள் சிலருக்கு வாயிலிருந்து ரத்தத்தில் கிருமி கலப்பது ஆபத்து. அவர்களுக்குச் சொத்தையை உள்ளே விட்டுவைக்கும் முறை பொருந்தாது. நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில மாதங்களில் விழப்போகும் பல்லுக்கு உண்மையாகவே கேப் தேவையில்லை. அந்த இடத்தில் மட்டும் ‘விழப்போகிற பல்லுக்கு எதற்குக் கேப்?’ என்று வீட்டுப் பாட்டி சொல்வது சரி.

போடும் நாளில் நடப்பது

பற்கள் இறுக்கமாக ஒட்டியிருந்தால் கேப்பின் விளிம்பு நுழைய இடம் வேண்டும். அதற்காக இடுக்கில் சிறு ரப்பர் வளையம் வைத்து 3 முதல் 5 நாள் விட்டுவைப்பார்கள். கம்பி போடுகிறவர்களுக்கு முதலில் வைப்பார்களே, அதேதான். தேங்காய்ப் பத்தை பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதுபோல ஓர் உறுத்தல் இருக்கும். நடுவில் விழுந்துவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விழுங்கிவிட்டாலும் பொதுவாக மலத்தோடு வெளியேறிவிடும்.

அடுத்த முறை வளையத்தை எடுத்து, பொருந்தக்கூடிய மிகச்சிறிய அளவுக் கேப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். பிள்ளையை முழுதாகப் படுக்கவைக்காமல் சாய்வாக உட்காரவைப்பதும், நாக்குக்குப் பின்னால் காஸ் துணி வைப்பதும், நழுவும் கேப் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. பல்லைத் துடைத்துக் காயவைத்து, கேப்பில் சிமென்ட்டை நிரப்பிப் பல்மேல் விரலால் அழுத்துவார்கள். பிறகு ‘நல்லா கடி கண்ணு’ என்பார்கள். பஞ்சுருளையைக் கடிக்கும் பிள்ளையின் தாடை வலுவே மிச்ச வேலையைச் செய்யும். இரண்டு மூன்று நிமிடம் கடித்தபடி இருக்க வேண்டும். சிமென்ட்டின் புளிப்புச் சுவையால் முகம் சுளிப்பார்கள். கோணலாக உட்கார்ந்துவிட்டால், சிமென்ட் இறுகுமுன் கழற்றித் திரும்பப் போட வேண்டும்; இறுகியபின் அறுத்துத்தான் எடுக்க முடியும். கடைசியில் வெளியே பிதுங்கிய சிமென்ட்டை நீக்கி, இடுக்கில் நூல் விட்டு இழுத்துச் சுத்தம் செய்வார்கள். இந்தக் கடைசி வேலை அவசரத்தில் விட்டுப்போனால்தான் ஈறு வாரக்கணக்கில் சிவந்து வீங்கி நிற்கும்.

ஈறு அழுந்துவதால் அன்றைக்கு வெளுத்து வலிக்கும். பாரசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாளுக்குள் சரியாகும். பெற்றோரைப் பதறவைப்பது வேறொன்று. பல்லைக் குறைக்காமல் கேப் ஏற்றியதால் அந்தப் பல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். வாயை மூடினால் கேப் மட்டும் இடிக்கும், மற்ற பற்கள் சேராது. பெரியவர்களுக்கு இப்படி இருந்தால் தாங்காது. வளரும் பிள்ளைகளின் எலும்பில் மேலும் கீழும் உள்ள பற்கள் சற்று அமுங்கி, சில வாரங்களில் கடி சமமாகிவிடும். இதனால்தான் எதிரெதிரே கடிபடும் இரண்டு பற்களுக்கு ஒரே நாளில் ஹால் முறையில் கேப் போடுவதில்லை. முதல் ஓரிரு நாள் இட்லி, தயிர்சாதம், குழைவான பொங்கல் போதும்.

நரம்பை எட்டிவிட்டால்

எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் பட்டை தெரியவில்லை, ஆனால் வேர்ப்பகுதி நன்றாக இருக்கிறது என்றால் பல்கூழின் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மீதியின்மேல் மருந்து வைத்து மூடுவார்கள். வேருக்குள்ளும் கெட்டிருந்தால் வேர்க்குழாய்களையும் சுத்தம் செய்து, பால் பல்லின் வேரோடு கரையக்கூடிய பசையை நிரப்புவார்கள். பெரியவர்களின் வேர் சிகிச்சையில் வைக்கும் கரையாத ரப்பர் இங்கே கூடாது. அடியில் வரும் நிரந்தரப் பல்லை அது மறிக்கும். இரண்டிலும் ஊசி உண்டு, முடிவில் கேப்பும் உண்டு. உள்ளே குடைந்த பல் வெறும் அடைப்போடு விட்டால் பிளந்துவிடும்.

வெள்ளைக் கேப் போடலாமா?

முன்பற்களுக்கு நிறம் முக்கியம். அங்கே பல் நிறப் பொருளை ஒளிபுகும் அச்சில் நிரப்பிக் கட்டுவதோ, சிர்கோனியா என்ற வெள்ளைக் கேப் போடுவதோ வழக்கம். கடைவாய்க்கும் சிர்கோனியா கிடைக்கும். ஆனால் அது விரிந்து சுருங்காது. டிபன் பாக்ஸ் மூடிபோல் டக்கென்று உட்காராது. பல்லை நிறையக் குறைத்தால்தான் ஏறும், அதற்கு ஊசியும் ஒத்துழைக்கும் பிள்ளையும் வேண்டும், ஹால் முறைக்கு உதவாது, விலையும் கூடுதல். பின்பல்லுக்கு எவர்சில்வரே மேல் என்பது எங்கள் தரப்பு. பெரிதாகச் சிரித்தால் கொஞ்சம் மின்னும், அவ்வளவுதான். பல பிள்ளைகள் அதை ‘ரோபோ பல்’ என்று பெருமையாகக் காட்டிக்கொள்கிறார்கள்.

என்னென்ன தவறலாம்?

கழன்று விழுவது: சின்னக் கேப்பை எடுக்காமல் தளர்வான அளவைப் போட்டதால், அல்லது சிமென்ட் இறுகும்போது எச்சில் புகுந்ததால். கமர்கட்டும் ஜவ்வு மிட்டாயும் மிச்சத்தைச் செய்யும். விழுந்த கேப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஓரிரு நாளில் போனால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். ஃபெவிகுவிக் போன்ற பசையால் வீட்டில் ஒட்டாதீர்கள். கேப் விழுந்தபின் பிள்ளைக்கு இருமல், மூச்சிரைப்பு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரிய அளவைப் போடுவது: இரண்டாவது கடைவாய்ப்பல்லில் அளவு மீறிய கேப்பின் பின்விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், ஆறு வயதுப் பல் முளைக்கும்போது அதில் முட்டி மாட்டிக்கொள்ளும்.

தேய்ந்து ஓட்டை விழுவது: பல்லை நறநறவென்று கடிக்கும் பிள்ளைகளுக்கு வருடங்கள் போகப்போக நடக்கலாம். ஓட்டையை அடைக்கலாம், கேப்பை மாற்றலாம்.

உள்ளே பல்கூழ் சாவது: நல்ல கேப்பிலும் சிலவேளை நடக்கும். அடையாளம் ஈறில் கொப்புளம். வலி இல்லாவிட்டாலும் அதை விட்டுவைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

இன்னொன்று, கேப் போட்ட பல்லுக்குச் சொத்தை நின்றதே தவிர வாய்க்கு நிற்கவில்லை. காரணம் அப்படியே இருந்தால் அடுத்த பல் தயாராகும். இரவில் படுக்குமுன் பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும், கேப்பின் ஈறோர விளிம்பையும் சேர்த்து. ஃபுளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் உள்ள பேஸ்ட், 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயதுக்குப் பட்டாணி அளவு. குழந்தைப் படம் போட்ட டப்பா என்பதால் போதுமான ஃபுளோரைடு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

கேப்பை எப்போது கழற்றுவது?

கழற்ற வேண்டியதில்லை. நிரந்தரப் பல் கீழிருந்து மேலே வரவர, பால் பல்லின் வேர் கரைந்துகொண்டே போகும். பிடிமானம் போனதும் பல் ஆடும், ஒருநாள் சோற்றோடு கையில் வரும். மேலே எவர்சில்வர் தொப்பி அப்படியே இருக்கும். திருப்பிப் பார்த்தால் வேர் இருந்த இடம் காலியாக இருக்கும்.